உன் இலையருகே நிற்பவள்

இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில்கூட நீ சாப்பிட்டாயா என்று நான் கேட்கப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீ நிம்மதியாக மேலே படிப்பாய் என்று நினைக்கிறேன். போனில் என்னால் அது முடியாது. நீ "ம்மா" என்று எடுத்தவுடன் என் வாயில் வருவது அந்தச் சொல்தான். நம் ஊரில் யாரும் யாரையும் நலமா என்று விசாரிப்பதில்லை. சாப்ட்டியா என்றுதான் கேட்கிறோம். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் உன்னிடம் பேச எனக்கு வேறென்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் மார்கழி பிறந்துவிட்டது. பெங்களூரில் குளிர் ஜாஸ்தியா? மாடித் தண்ணீர்க் குழாயை வீட்டுக்காரர் சரி செய்து கொடுத்தாரா? பார், கேட்பதற்கு எத்தனையோ இருக்கத்தான் செய்கின்றன.

தை பிறந்தால் உனக்கும் நித்யாவுக்கும் கல்யாணம். போன வாரம் நித்யா என் ஆபீசுக்கு வந்து, கல்யாணத்தன்று பந்தியில் நான் உன் இலைக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று நீ கேட்டுக்கொண்டதாகச் சொன்னாள். அவளிடம் நான் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். இதை அவளிடம் நீ காட்டினாலும் எனக்குச் சம்மதம். அவள் அம்மாவிடம் காட்டினாலும் சரி. நம்மைப் போன்ற வீடுகள் இந்த மலையைச் சுற்றி இன்னும் எத்தனையோ இருக்கும், அவர்களும் படிக்கட்டும். ஆனால் பதிலுக்கு வருவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் உடம்பு கெட்ட இத்தனை வருஷமும் எனக்கு உன்மேல் கவலை இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கவலைக்கு அடியில் பொறாமை இருந்தது. அது யாருக்கும் தெரியாது. முதலில் உன்மேல், பிறகு ஒரு டாக்டர்மேல், இப்போது நித்யாமேல்.

உன்மேல் எப்படிப் பொறாமை என்று கேட்பாய். நீ பள்ளியில் படித்தபோது பருமனாக இருந்தாய். கூடப் படித்தவர்கள் உன்னை உருளை என்று கூப்பிட்டதை நீ வீட்டில் சொன்னதே இல்லை. பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வராந்தாவில் என் காதில்தான் விழுந்தது. சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் உன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு என்னிடம் திரும்பி, "எந்தக் கடையிலம்மா அரிசி வாங்கறே?" என்பார்கள். நானும் சிரிப்பேன். நீயும் சிரிப்பாய். காலேஜ் இரண்டாம் வருஷத்தில் திங்கட்கிழமை விரதம் இருக்கிறேன் என்றாய். அடுத்து பிரதோஷம். பிறகு கிருத்திகை, பௌர்ணமி, அமாவாசை. இந்த ஊரில் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒருவன் காரணம் தேட வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் காலண்டர் தினம் ஒன்றைக் கொடுக்கும். காலையில் விடிவதற்குள் கிரிவலம் கிளம்பிவிடுவாய். வேறு ஊராக இருந்தால், இந்தப் பையன் ஏன் இப்படித் தினமும் வெறும் வயிற்றில் மைல் கணக்கில் நடக்கிறான் என்று யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே உன்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கீழ்வீட்டு மாலதி அக்கா ஒருநாள் பால் வாங்கப் போகும்போது படிக்கட்டில் என்னை நிறுத்தி, "உன் விரதத்தயெல்லாம் உன் புள்ள தோக்கடிச்சிட்டான் போ. பெத்தா இப்படி பெக்கணும்," என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்று அன்று உன் அப்பாவிடம் சொன்னேன். பெருமை கொஞ்சம்தான். அதுவரை அந்தத் தெருவில் விரதக்காரி என்று பெயரெடுத்தவள் நான். பிரதோஷத்துக்குப் பச்சைத் தண்ணீரோடு ஆபீஸ் போய் வருகிறவள் என்று என்னைச் சொல்வார்கள். நீ வந்து அதையும் வாங்கிக்கொண்டாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? விரத நாளில் நான் குடித்துக்கொண்டிருந்த காப்பியை நிறுத்தினேன். உனக்குத் தெரியட்டும் என்றே, நீ அடுக்களைக்கு வரும் நேரம் பார்த்து டபராவைக் கவிழ்த்து வைத்தேன். மறுவாரம் நீ பாலை விட்டாய். நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையில் பஜ்ஜியோடு இருந்த உன் அப்பாதான், "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் ஒருத்தன் உக்காந்து தின்னுனு இருக்கறது தப்பாடா? சொல்லிட்டீங்கன்னா நான் வெளிய போய் தின்னுட்டு வரேன்," என்றார். நாம் இருவரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். பஜ்ஜி தின்கிறவர் பேச்சு என்று நாம் அதைத் தள்ளிவிட்டோம்.

அந்த வருஷத்துத் தீபத்தன்று மொட்டை மாடியில் நின்றோம். மலை உச்சியில் சுடர் தெரிந்ததும் தெருவே அரோகரா என்றது. தீபம் பார்த்தால் விரதம் முடிகிறது. எல்லோரும் இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். வடை, பாயசம் எல்லாம் செய்திருந்தேன். நீ மட்டும், "வழியில அன்னதானத்துல ஆச்சும்மா," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாய். நான் அதை நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. என் மகன் தீபத்துக்குப் பிறகும் விரதத்தில் இருக்கிறான் என்று மாலதி அக்காவிடம் சொல்லப்போகும் வாக்கியம் அதற்குள் என் மனதில் தயாராகிவிட்டது. மறுநாள் காலை கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி நீ மயங்கி விழுந்தாய். டீக்கடைக்காரர் ஒருவர் உன் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் உன் நாடித்துடிப்பைப் பார்த்த டாக்டர் எங்களை வெளியே அழைத்துப் பேசினார். இது பக்தி இல்லை, நோய் என்றார். நான் அவரோடு வாதாடினேன். விலங்கியலில் பட்டம் வாங்கியவள், செரிமான மண்டலத்துக்குப் படம் வரைந்து முழு மதிப்பெண் எடுத்தவள், ஒரு டாக்டரிடம் போய், "எங்க வீட்ல எல்லாருமே விரதம் இருப்போங்க. இதெல்லாம் இந்த ஊர்ல சாதாரணம்," என்றேன். அவர் கோபப்படவில்லை. "விரதம் முடிஞ்சதும் நீங்க என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டார். சாப்பிடுவோம் என்றேன். "உங்க பையன்?" என்றார். விரதத்துக்கு ஒரு முடிவு நேரம் உண்டு. அது முடியும்போது மனிதர்கள் சந்தோஷமாக இலை போடுகிறார்கள். உன்னுடையதற்கு முடிவே இல்லாமல் இருந்ததை நான் உயர்ந்த விரதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு வேலூர். அங்கே உன்னைப் பார்த்த மனநல மருத்துவரம்மாவை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. என்னைவிட வயதில் சிறியவர். நீ என்னிடம் வருஷக்கணக்கில் சொல்லாததையெல்லாம் அவரிடம் அரைமணி நேரத்தில் சொன்னாய். கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளேயிருந்து உன் குரல் நிற்காமல் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சொற்கள் புரியவில்லை. குரல் மட்டும்தான். என் வயிற்றில் பிறந்த குரல், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இப்படிப் பேசுகிறதே என்று எரிந்தது. பிறகு எங்களையும் உள்ளே கூப்பிட்டார். "சோத்த கொஞ்சம் மறந்துடுங்க. தம்பி தலைக்குள்ள ஓடற வாக்கியங்கள கேளுங்க," என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய். ஒரு வடை தின்றுவிட்டால் அந்த நாளே பாழ், இனிமேல் தின்றாலென்ன தின்னாவிட்டாலென்ன என்று தோன்றும் என்றாய். பந்தியில் உட்கார்ந்தால் மண்டபமே உன் இலையைத்தான் பார்க்கிறது என்று உறுதியாகத் தெரியும் என்றாய். இன்று வயிறு நிறையச் சாப்பிட்டால் நாளை காலை பழைய உருளையாக எழுந்திருப்பாய் என்றாய். பசியோடு இருக்கும்போதுதான் நீ நல்லவன் என்றும், சாப்பிட்டவுடன் அது போய்விடுகிறது என்றும் சொன்னாய். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது என்னைப் பார்த்தாய். ஏன் பார்த்தாய் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

அந்த அம்மா உன்னோடு வாதம் செய்யவில்லை. "மண்டபமே பாத்துச்சுன்னீங்களே, அது நடந்ததா, நெனச்சதா?" என்று மட்டும் கேட்டார். நீ நிறைய நேரம் யோசித்தாய். பெரியப்பா பார்த்தது நடந்தது, மற்றவர்கள் பார்த்தது நினைத்தது என்றாய். "சரி, பெரியப்பா பாத்தாரு. என்ன நெனச்சாருன்னு எப்படி தெரியும்?" என்றார். நீ சிரித்துவிட்டாய். எவ்வளவோ மாதம் கழித்து உன் பல்லைப் பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம். அந்தச் சிரிப்பை வரவழைத்தது நானில்லையே என்றுதான் எனக்குத் தோன்றியது. பஸ்ஸில் திரும்பி வரும்போது உன் அப்பா, "நடந்ததா நெனச்சதா, நல்லா இருக்குதில்ல? நம்ம ஆபீஸ்ல எல்லாருக்கும் இத எழுதி மாட்டணும்," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபின் நான் உன்னைக் குணப்படுத்தத் தொடங்கினேன். அந்த அம்மாவால் முடிவது என்னால் முடியாதா என்ற வீம்பு. உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துக்கொண்டு வந்து வைப்பேன்; வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். கரண்டியும் கையுமாக, உன் தட்டுக்கும் முகத்துக்கும் இடையே பார்வையை ஓடவிட்டுக்கொண்டு. நீ விழுங்கும்போது என் தொண்டையும் அசையும் என்று ஒருமுறை அப்பா சொன்னார். "இன்னும் ஒண்ணு வச்சிக்கடா", "அத ஏன் ஓரமா தள்ற", "அம்மாவுக்காக". உனக்குள்ளிருந்த மண்டபத்தை நான் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டினேன். உன்னை உண்மையிலேயே பார்த்துக்கொண்டிருந்த ஆள் நான்தான். நடந்ததா நினைத்ததா என்று நீ கேட்டிருந்தால், நடந்தது என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

நித்யாவுக்கு வருகிறேன். அவள் உன் வகுப்பில் படித்தவள் என்பது தெரியும். வேங்கிக்காலில் என் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் ஒரு பேங்க்கில் வேலை செய்கிறாள் என்பதும் தெரியும். உங்கள் விஷயத்தைச் சொன்னபோது நான் மறுக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் அவர்கள் வீட்டுக்குப் பூ வைக்கப் போனோமே, அந்த நாள் உனக்கு எப்படி நினைவிருக்கிறதோ, எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது. தட்டு மாற்றி முடிந்து பெரியவர்கள் மண்டபம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நித்யாவின் அம்மா அன்று காலைதான் நிலத்தில் பிடுங்கிய வேர்க்கடலையை, நம் மல்லாட்டையை, தோலோடு அவித்து, ஆவி பறக்க ஒரு பெரிய தாம்பாளத்தில் கொண்டுவந்து கூடத்தின் நடுவே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடுங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. ஆளாளுக்கு உரித்துக்கொண்டே பேசினார்கள். நீயும் தரையில் உட்கார்ந்தாய். நான் நாற்காலியிலிருந்து உன் கையையே பார்த்தேன். எண்ணவும் எண்ணினேன், எத்தனை என்று இங்கே எழுத மாட்டேன்.

நித்யா உன் எதிரே உட்கார்ந்து, "சொத்தைய எல்லாம் எம்பக்கம் தள்ளிட்டு நல்லத நீ பொறுக்கற," என்றாள்.

"பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளகிட்ட இப்படித்தான் பேசுவியா?" என்றாய் நீ.

"பொண்ணு பாக்கவா வந்த? என்னைதான் நாலு வருஷமா பாத்துனு இருக்கியே. நீ மல்லாட்டை தின்ன வந்த."

தின்ன வந்தாய் என்று ஒருத்தி சபையில் சொல்லிவிட்டாளே, இனி நீ கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாய் என்று காத்திருந்தேன். நீ எழவில்லை. "ஆமா, அதுக்குதான் வந்தேன்," என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அடுத்ததை உரித்தாய். அவள் உன்னைப் பார்க்கக்கூட இல்லை. அவளுக்கு அவள் கையிலிருந்ததுதான் முக்கியம். உன் முன்னால் தோல் குவிந்துகொண்டே போயிற்று. வருஷக்கணக்கில் நெய்யும் கண்ணீருமாக நான் கேட்டுக் கிடைக்காதது, கேட்காதவளுக்குக் கிடைத்தது. அவள் கேலி உன்னைக் காயப்படுத்தவில்லை. என் கொஞ்சல் ஒவ்வொரு முறையும் காயப்படுத்தியது. இதை எந்த அம்மா தாங்குவாள்? நான் தாங்கவில்லை. வேனில் ஏறி ஊர் எல்லை தாண்டுவதற்குள், "நம்ம வீட்ல ஒரு தோசைக்கு அழுவற. அங்க அவ்ளோ மல்லாட்டை தின்னியே, வயிறு என்னத்துக்காவும்?" என்று கேட்டேன். குரலில் அக்கறையைக் கலந்துதான் கேட்டேன். அன்று ராத்திரி நீ தட்டு எடுக்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் உன் செருப்பு வாசலில் இல்லை. பழையபடி மலை சுற்றப் போயிருந்தாய். உன் தலைக்குள் என்ன வாக்கியம் ஓடுகிறது என்று எனக்கு அன்று நன்றாகத் தெரிந்தது. அதை அங்கே வைத்தவள் நான். நோய்க்குத் தீனி போட்டால் அது மட்டும் மிச்சம் வைக்காமல் தின்கிறது.

இத்தனைக்கும் பிறகு நித்யா போன வாரம் மதிய இடைவேளையில் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது."

"கோச்சிக்கிற மாதிரி இருந்தா சொல்லாத."

"அப்படின்னா கோச்சிக்கோங்க. சொல்லியே ஆவணும்," என்று சிரித்துவிட்டு, கைப்பையின் வாரைத் திருகினாள். "கல்யாணத்தன்னிக்கு பந்தில, அவன்... அவரு இலைகிட்ட நீங்க நிக்க வேணாமாம்."

"யாரு சொன்னது?"

"அவருதான். உங்ககிட்ட சொல்ல பயம். என்னை தூது அனுப்பிட்டாரு. பந்திய நெனச்சாலே தூக்கம் வரலயாம் அத்தை. போட்டோக்காரங்க, ஊட்டுங்க ஊட்டுங்கன்னு சொல்றவங்க, எல்லாத்தயும் வேணாம்னு சொல்லியாச்சு. எங்கப்பாகிட்டயும் பேசிட்டேன். நீங்கதான் பாக்கி."

போட்டோக்காரனோடு என்னையும் சேர்த்துவிட்டாயே என்றிருந்தது. நம் குடும்பத்தில் மாப்பிள்ளையின் அம்மா முதல் பந்தியில் உட்காருவதில்லை. மகன், மருமகள் இலைக்கு எதிரே நின்று நெய் விட்டு, இனிப்பு வைத்து, எல்லோரும் எழுந்தபிறகு கடைசிப் பந்தியில்தான் அவளுக்கு இலை. என் மாமியார் அப்படி நின்றார். நானும் நிற்பேன் என்று நீ பிறந்த நாளிலிருந்து நினைத்திருக்கிறேன். "அப்ப நீ நிப்பியா?" என்று கேட்டேன். கேட்டது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"நான் எங்கத்தை நிக்கறது? பக்கத்து இலைல உக்காந்திருப்பேனே. எனக்கு பசி தாங்காது. நான் என் இலைய பாத்துனு இருப்பேன்," என்றாள். பிறகு மேஜையைப் பார்த்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு."

அவள் என் டிபன் டப்பாவையும் அதன்மேல் சுற்றியிருந்த ரப்பர் பேண்டையும் பார்த்தாள். அன்று பிரதோஷம். டப்பா உன் அப்பாவின் தொல்லைக்காகக் கொண்டுவந்தது. மாலையில் அப்படியே திரும்பும். "அத்தை, அவரும் இதே மாதிரிதான் சொல்வாரு," என்றாள் நித்யா. "ஆச்சுன்னு. இதே மாதிரி முகத்த கொஞ்சம் அந்தாண்ட திருப்பிக்கினு. இது அவரோட பழக்கம்னு நெனச்சிக்கினு இருந்தேன் நானு." குற்றம் சொல்லும் குரலில்லை. உன் மூக்கு யார் ஜாடை என்று கண்டுபிடித்தவள் போல ஆச்சரியமாகச் சொன்னாள். பேங்க்குக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டாள்.

அவள் போனபிறகு எனக்கு வந்த வாக்கியங்களை வரிசையாகச் சொல்கிறேன். இவள் வீட்டில் நீ தின்றால் என் சமையல் விஷம் என்றாகிறது. என்னால்தான் நோய் வந்தது என்று இவர்கள் இருவரும் சேர்ந்து பேசி முடிவுகட்டிவிட்டார்கள். இலைக்குப் பக்கத்தில் நிற்க முடியாதவள் இனி எங்குமே நிற்க முடியாது. இன்று பந்தி, நாளை வீடு, பிறகு நீ இந்த ஊருக்கே வரமாட்டாய். நான் ஒரு நல்ல அம்மா இல்லையென்றால் நான் எதுவுமே இல்லை. இவற்றை ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றேன். இதே வாக்கியங்களை நான் எங்கோ கேட்டிருக்கிறேன். ஒரு வடையால் ஒரு நாள் பாழாவது போல, ஒரு பந்தியால் ஓர் அம்மா பாழாகிறாள். பெரியப்பாவின் மனதைப் படித்தவன் போல, நான் நித்யாவின் மனதைப் படிக்கிறேன். வேலூரில் உன் வாயால் கேட்டபோது நோயாகத் தெரிந்தது என் தலைக்குள் ஓடும்போது நியாயமாகத் தெரிந்தது. உனக்கு அது சோற்றில் போய் உட்கார்ந்தது. எனக்குப் பொறாமையில்.

எனக்குப் பிடிக்காத அந்த மருத்துவரம்மாவின் கேள்வியை முதல்முறையாக எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நடந்தது என்ன? நீ மல்லாட்டை தின்றாய். சிரித்தாய். ஒரு விஷயத்தைக் கேட்க பயந்து ஆளனுப்பினாய். அவ்வளவுதான் நடந்தது. நீ என்னை வேண்டாமென்று சொன்னது நடக்கவில்லை. அது நான் நினைத்தது. கேட்டதும் பொறாமை ஓடிவிட்டது என்று நினைக்காதே. ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தது. பசியோடு இருக்கும்போதுதான் நல்லவன் என்று சொல்லிவிட்டு நீ என்னை ஏன் பார்த்தாய் என்பதற்கு அப்போது இடம் கிடைத்தது. நான் சாப்பிட்டு நீ பார்த்ததே இல்லை. யோசித்துப் பார். எல்லோருக்கும் போட்டுவிட்டு, எல்லோரும் எழுந்தபிறகு, அடுக்களையில் சட்டியில் ஒட்டியிருப்பதை நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வேன். யாராவது உள்ளே வந்தால் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, ஆச்சு என்பேன். பிரதோஷத்துக்கு அதுவும் இல்லை. என்னைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் நான் சாப்பிடாததற்காகவே புகழ்ந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பையன் பசியை நல்ல குணம் என்று எண்ணியதில் என்ன அதிசயம்? உன் நோய்க்கு நான்தான் முழுக் காரணம் என்று இதைப் படித்துவிடாதே. எல்லாம் என்னால் என்பதும் அதே ரக வாக்கியம்தான், உன் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "இதுலயும் நீதான் ஃபர்ஸ்ட்டா?" என்றார். அந்தப் பள்ளி வராந்தா, கன்னத்தைக் கிள்ளியவர்கள், உன் உடம்பின் கூறு, எனக்குத் தெரியாத எத்தனையோ அதில் உண்டு. என் பங்கு எனக்குத் தெரிந்துவிட்டது; அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் அந்த டப்பாவைத் திறந்தேன். பிரதோஷ வேளை முடியவில்லை. சாமி கோபித்துக்கொள்ளட்டும் என்று, எலுமிச்சை சாதத்தை என் நாற்காலியில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். பெருக்க வந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்தபோது என் கை தானாக மூடியைத் தேடியது. கஷ்டப்பட்டு நிறுத்தினேன். ஒருவர் பார்க்கும்போது வாயில் சோறு வைப்பது இவ்வளவு பயமா என்று எனக்கு அன்றுதான் தெரியும். நீ இதை ஒவ்வொரு வேளையும் செய்கிறாயா?

இப்போது பதில். உன் இலைக்குப் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன். எதிரிலும் நிற்க மாட்டேன், தூணுக்குப் பின்னாலும் நிற்க மாட்டேன். நெய்க் கிண்ணம் என் கையில் இருக்காது. நீ என்ன சாப்பிட்டாய், எவ்வளவு மீதி வைத்தாய் என்று பின்னால் யாரிடமும் விசாரிக்க மாட்டேன். நித்யா உன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பசிக்கு அவள் சாப்பிடுவதை நினைத்தால் எனக்கு இப்போதும் எரிகிறது. இதை எழுதும்போதும் எரிகிறது. கல்யாணத்தன்றும் எரியும். அது என் இலையில் நான் பார்த்துக்கொள்ள வேண்டியது.

ஏனென்றால் எனக்கும் அன்று இலை உண்டு. முதல் பந்தியிலேயே உட்காரப் போகிறேன். உன் வரிசையில் இல்லை. கை கழுவும் பக்கத்தில், கடைசி வரிசையில், உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கல்யாணமானதுலேர்ந்து எம்பக்கத்துல உக்காந்து நீ ஒரு வேளை தின்னதில்ல. எனக்கும் அங்கயே ஒரு இலை போடச் சொல்லு," என்றார். மாப்பிள்ளையின் அம்மா முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று மாலதி அக்கா தெருவுக்கெல்லாம் சொல்வார். சொல்லட்டும். அது நடந்ததாகத்தான் இருக்கும். இனிப்பில் தொடங்கி மோர் வரைக்கும் சாப்பிடுவேன். வேண்டியதை இரண்டாம் முறை கேட்டு வாங்குவேன். யாராவது குனிந்து ஆச்சா என்று கேட்டால், இன்னும் இல்லை என்பேன்.

நீ திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. பார்த்தால், உன் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருப்பாள்.

அம்மா